சீதன நாய்களில் ஓநாய்க் குருதி

மழை பிழையாதிருக்க, மலை குலையாதிருக்க, இரு நாட்டு மக்களும் பசி அறியாதிருக்க.

அலைவாய்க் கோட்டையும் அளவிறந்த ஓடங்களும் உடையவரும், நெற்களத்துக்கும் உப்பளத்துக்கும் ஒருங்கே தலைவரும், நாணற்காட்டில் நாய் காத்த மரபின் வழித்தோன்றலும், எம் தங்கை கொற்றிமாதேவியின் கைத்தலம் பற்றியவருமான நெடுங்கழி நாட்டு வேந்தர் வெண்கண்டனார் திருமுன்புக்கு, கல்முகை மலைநாடு ஆளும் பொறையம்மை நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் செங்கோலுக்கும், தங்கள் மூத்தோருக்கும், தங்கள் துறைகளுக்கும் ஏரிகளுக்கும் நலம் விழைகிறோம். தங்களுக்குரிய பட்டங்கள் இன்னும் ஏழெட்டு உள. அவற்றையும் எழுதினால்தான் தங்கள் அவை இதை ஓலையென்று ஏற்கும் என்று சொல்லி எம் ஓலைநாயகத்தார் எழுத்தாணியைப் பிடித்தபடி நிற்கிறார். அதற்குப் பொழுதில்லை. விடுபட்ட பட்டங்கள் அனைத்துக்கும் இங்கிருந்தே தலைவணங்கினோம் என்று கொண்டருள்க.

செய்தி இது. எம் தங்கையின் மணத்தில் சீதனமாக யாம் அனுப்பிய மலைநாய்கள் ஐந்தின் உடலிலும் ஓநாயின் குருதி ஓடுகிறது. இன்று காலையில்தான் அதை அறிந்தோம். வரும் பிறைநாளில் தங்கள் அரண்மனை முற்றத்தில் நடக்கவிருக்கும் மோப்பவிழாவில் அந்த நாய்களின் முன்னே தங்கள் பிள்ளையை இறக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதைக் கீழே எழுதுகிறோம். தாங்கள் அதைக் கேட்டு முடிக்கும்வரை காத்திராமல், இந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்தி, ஆளனுப்பி, அந்த ஐந்தையும் கொட்டிலில் பூட்டச் சொல்லுக. பூட்டியாயிற்று என்று வந்து சொன்ன பிறகு மேலே வாசிக்கச் செய்க.

தங்கள் அழைப்போலை நேற்று வந்தது. நெடுங்கழியின் வழக்கப்படி, அரசகுலத்துப் பிள்ளையை ஒரு திங்கள் நிறைந்ததும் வெறுந்தரையில் உமி பரப்பி அதன்மேல் கிடத்தி, அரண்மனை நாய்களைக் கயிறின்றி விட்டு முகரச் செய்வதும், எந்த நாய் முதலில் பிள்ளையின் அருகே படுக்கிறதோ அதையே பிள்ளையின் வாழ்நாள் காவலாக அறிவிப்பதும் யாம் அறியாதவை அல்ல. தங்கள் முன்னோர் ஒருவரை நாணற்காட்டில் நாய் காத்தது. அந்த நன்றியை இத்தனை தலைமுறைக்குப் பின்னும் மறவாத குடி தங்கள் குடி. இம்முறை துறைமுகத்துக் குட்டைக்கால் நாய்களை விலக்கி, பெண் கொடுத்த நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் பொருட்டு மலைநாய்களை மட்டுமே விடுவதாகத் தாங்கள் அன்போடு எழுதியிருந்தீர்கள். அவ்வரியை எம் அவையில் வாசித்தபோது அனைவரும் மகிழ்ந்து ஆரவாரம் செய்தனர். ஐயோ, அந்த ஆரவாரம் இன்னும் காதில் கேட்கிறது.

இது எங்ஙனம் நேர்ந்தது என்பதைச் சொல்லுகிறோம். மணம் பேச வந்த தங்கள் தூதர் எம் ஆட்டுப்பட்டிகளின் நாய்களைக் கண்டார். அவை குட்டை, கழுத்துத் தடித்தவை, பகலென்றும் இரவென்றும் இன்றிக் குரைப்பவை. மலையில் நாயின் வேலை ஓநாயோடு பொருவதன்று. மந்தைக்கும் காட்டுக்கும் நடுவே நின்று, ஆட்கள் கம்பும் பந்தமும் எடுத்து வரும்வரை தொண்டை கிழியக் கத்துவதே அதன் வேலை. தூதருக்கு அது தெரியாது. இவற்றுக்கு வாய்தான் பெரிது, பன்றியை மறிக்கும் நாய் இந்த மலையில் உண்டா என்று அவர் சிரித்தபடி கேட்டார். விருந்தினர் சொன்ன நகைச்சொல் என்று அவையும் சேர்ந்து சிரித்தது. எம் நாய்க்கொட்டிலின் தலைவன் எழினன் மட்டும் சிரிக்கவில்லை. கடற்கரையார் வாயடைத்துப் போகும்படி ஒரு நாயை உண்டாக்கிக் காட்டுவேன் என்று அவன் தனக்குள் சூளுரைத்துக் கொண்டான். நிச்சயத்துக்கும் மணத்துக்கும் இடையே கோள்நிலை சரியில்லை என்று இரு நாட்டுக் கணியரும் சேர்ந்து ஐந்தாண்டு தள்ளிவைத்தது அவனுக்கு வாய்ப்பாயிற்று.

முதலில் அவன் செந்நாயை நாடினான். கூட்டமாகச் சேர்ந்து மானை மடக்கும் அதன் சூழ்ச்சி நம் நாய்க்கு வந்துவிட்டால் போதும் என்பது அவன் எண்ணம். சூடு வந்த பெட்டைகளை மூங்கிற்காட்டின் ஓரத்தில் கட்டிவைத்தான். செந்நாய்கள் இரண்டைக் கிழித்துப் போட்டன. ஒன்றைச் சுற்றிவந்து முகர்ந்துவிட்டுத் திரும்பியும் பாராமல் போயின. பிறகு கண் திறவாத செந்நாய்க் குட்டி ஒன்றைப் பிடித்துவந்து பெட்டைக் குட்டியோடு வளர்த்தான். இரண்டும் ஒரே கலத்தில் உண்டு, ஒன்றாய் உறங்கி, ஒன்றாய் வளர்ந்தன. ஈற்று மட்டும் நேரவே இல்லை. இன்று எம் முன்னே நின்று, பேரில்தான் அது நாய் நாச்சியாரே, பிறப்பால் நம் நாய்க்கு உறவே இல்லை என்கிறான். இத்தனை செய்து பார்த்தபின் வந்த தெளிவு!

செந்நாய் ஆகாதென்று கண்டதும் ஓநாயை நாடினான். தன் கூட்டத்தால் துரத்தப்பட்ட ஆண் ஓநாய் ஒன்று ஆட்டுப்பட்டிகளின் பின்னே தனித்துத் திரிந்துகொண்டிருந்தது. அதன் தடத்தில் பெட்டையைக் கட்டிவிட்டு விலகி மறைந்தான். மறுநாள் விடிந்து பார்க்கையில், கயிற்றின் எல்லையில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தனவாம். அந்த ஈற்றில் பிறந்த பெட்டையை எம் பெரிய ஆண்நாயோடு சேர்த்து அடுத்த ஈற்றையும் எடுத்தான். இதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மேற்குமலைச் சாதி நாய் என்றான், அனைவரும் நம்பினர்.

அக்குட்டிகள் வளர்ந்து அவைக்கு வந்த நாளைத் தங்கள் தூதரும் கண்டிருக்கிறார். இடுப்புயரம், சாம்பல் நிறம், மஞ்சட்கண். யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. அத்தனை கூட்டத்தில், அத்தனை முரசொலியில், ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. குரைக்கத் தெரியாததைக் கண்டு, ஆகா என்ன பெருந்தன்மை, என்ன அரசலட்சணம் என்று புகழ்ந்தார்கள். தங்கள் தூதர் கைதட்டினார். எழினன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். ஐந்து சீதனமாகப் போயின. மூன்று இங்கே மேற்குச்சரிவின் ஆட்டுப்பட்டிக்குப் போயின.

அந்தப் பட்டியைக் காப்பவன் ஆயன் பூதன். தாங்கள் அறிய வேண்டியது அவனிடம் இருக்கிறது. அந்நாய்கள் அவன் கால்மாட்டில் உறங்கின. ஆடுகளின் நடுவே படுத்தன. கிடாக்கள் முட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஓநாய் வந்த ஓரிரவில் மட்டும், குரைக்காமல் எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது போனபின் மூன்றும் சேர்ந்து ஊளையிட்டன. அது பூதனுக்குப் பிடிக்கவில்லை. கொட்டிலுக்கு வந்து சொன்னான். எழினன் அதட்டி அனுப்பிவிட்டான். இந்த ஈற்றுப்பருவத்தில்தான், நாய்கள் முழு வளர்ச்சி அடைந்தபின், முதல் ஆட்டுக்குட்டி விழுந்தது. ஈரம் காயாத குட்டி, நிற்க முயன்று விழுந்து மெல்லிய குரலில் கத்தியது. நடந்ததைப் பூதன் நேற்று மாலை எம் முன் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறோம். தங்கள் அவை பொறுத்தருள்க.

"கோவமே இல்லீங்க நாச்சியாரே. உறுமலு கூட இல்ல. வாலை ஆட்டிக்கிட்டேதான் போச்சு. நக்கப் போவுதுன்னு நெனச்சு நானும் சும்மா நின்னேன். தலையை ஒருபக்கமா சாய்ச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டுச்சு. அவ்வளவுதான். எத்தனை கூப்பிட்டும் அதுக்கு என் குரலு கேக்கல. குட்டியோட கதை முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, எப்பவும்போல கையை நக்குச்சு."

மறுநாள் அதன் உடன்பிறப்பு அடுத்த பட்டிக்குள் புகுந்து அதையே செய்தது. மூன்றாவது எதுவும் செய்யவில்லை. அதனால் எம் அவையில் சிலர், இரண்டு கெட்டதால் எல்லாம் கெட்டதாகாது என்று வாதிட்டனர். வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க எமக்குப் பொறுமை இல்லை. இன்று விடியலில் எழினனையும் கூட்டிக்கொண்டு யாமே சரிவேறிப் போனோம். அந்த மூன்றாவது நாய் எம்மைக் கண்டதும் ஓடிவந்து காலடியில் புரண்டது. எம் முந்தானையை இழுத்து விளையாடியது. வேலிக்கு அப்பால், அதன் கண்ணில் படாதபடி, அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியைக் கிடத்தச் சொன்னோம். குட்டி கத்திற்று. நாயின் உடம்பு மாறியதை இப்போதும் காண்கிறோம். காது முன்னே வந்தது, தலை சாய்ந்தது, எம் கையிலிருந்த அதன் முதுகு இறுகியது. யாம் பெயர் சொல்லி அழைத்தோம். எழினன் அழைத்தான்; கண் திறந்த நாள்முதல் கையால் ஊட்டியவன், அடித்தொண்டையிலிருந்து கத்தி அழைத்தான். அது திரும்பவில்லை. ஓசையே இல்லாமல் வேலியின் அடியில் மண்ணைத் தோண்டிற்று. மூன்று பேர் சேர்ந்து இழுத்தபின்தான் நின்றது.

ஒரு மாதப் பிள்ளை எப்படி அழும் என்று அப்போது நினைத்தோம். எழினன் அந்த இடத்திலேயே மண்ணில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். யாம் அவனை ஏசிய ஏச்சை இங்கு எழுத இயலாது.

தாங்கள் இதற்குச் சொல்லக்கூடிய மறுமொழிகள் எமக்குத் தெரியும். அந்நாய்கள் தங்கள் அரண்மனையில் சாதுவாக இருக்கின்றன, பேற்றறைக்குள் அரசி புகும்வரை அவள் கட்டிலடியில் உறங்கின, வேட்டைக்கு வந்து பன்றியை மறித்தன என்பீர்கள். உண்மை. பூதனின் கையையும் அவை நக்கின. வளர்ந்தவரிடம் அவை காட்டும் அன்பு பொய்யன்று. ஆனால் அந்தச் சிறு குரல் காதில் விழும்போது அன்பு எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தங்கள் குலத்தில் ஒரு பிள்ளைக்கும் இவ்விழாவில் தீங்கு நேர்ந்ததில்லை என்பீர்கள். அதுவும் உண்மை. தங்கள் துறைமுகத்து நாய்கள் எண்ணமுடியாத தலைமுறைகளாக மனிதரின் அடுப்போரத்தில், மனிதக் குழந்தைகளின் அழுகைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவை. அந்தக் குணத்தை ஒருவர் இரண்டு ஈற்றில் கலைத்துவிடலாம். திரும்பச் சேர்க்க எத்தனை ஆயுள் ஆகும் என்று சொல்ல எவரும் இல்லை. அழைப்பு விடுத்தபின் விழாவை மாற்றினால் அஞ்சினான் என்று நாலு பேர் சொல்வார்கள் என்றும் எண்ணுவீர்கள். சொல்லட்டுமே. நாலு பேர் சொல்லி மறந்துவிடுவார்கள்.

எம் அமைச்சர் திருவேட்டனார் வேறொரு வழி சொன்னார். நாள் நன்றாயில்லை, கோள் பகைக்கிறது என்று எழுதி விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். பிறகு பைய நாய்களை மாற்றிக்கொள்ளலாம். நாட்டின் மானமும் தப்பும் என்றார். யோசித்தோம். தங்கள் கணியர்கள் ஒப்புக்கொள்ளாமல் இரண்டு நாள் வழக்காடுவார்கள். வழக்காடும் அந்த இரண்டு நாளும் அந்நாய்கள் அறைவாயிலுக்கு வெளியே கட்டின்றிக் கிடக்கும். உள்ளே தொட்டிலில் பிள்ளை அழும். ஆகவே பொய் எழுதவில்லை.

உண்மை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அமைச்சர் எடுத்துரைத்தார். மணவுடன்படிக்கையில் பழுதுள்ள சீதனம் தந்த நாடு உப்புக்கணவாயின் உரிமையை இழக்கும் என்று இரு நாட்டாரும் ஒப்பிய சொல் இருக்கிறது. எம் மக்களின் ஒவ்வொரு கைப்பிடி உப்பும் அந்தக் கணவாய் வழியே மலையேறுகிறது. ஒரு கைக்குழந்தைக்காக ஒரு நாட்டின் உப்பையா கொடுப்பது, மக்களுக்கு என்ன மறுமொழி சொல்வீர்கள் என்று அவர் கேட்டார். அவர் கேட்டது தவறன்று. மக்கள் எம்மைத் திட்டுவார்கள். உப்பில்லாத கூழைக் குடிக்கும்போதெல்லாம் திட்டுவார்கள். வாங்கிக்கொள்வோம். எம் நாட்டிலிருந்து போன நாய் ஒரு பச்சைப்பிள்ளையைத் தொட்டது என்று கேட்டபின் யாம் எந்த உப்பைத் தின்று உயிர்வாழ்வது?

ஆதலால் கல்முகையின் அரசியாக இதை உறுதிப்படுத்துகிறோம்: சீதனம் பழுது. கணவாய் தங்களுடையது. பிறைநாள் முதல் எம் காவலர் அங்கிருந்து இறங்கிவிடுவர். இதில் பேச்சுவார்த்தை வேண்டாம், ஈடு வேண்டாம், நன்றியும் வேண்டாம்.

இவ்வோலையை எழினனே கொண்டுவருகிறான். பழுதுள்ள கொடைக்குக் காரணமானவன் தலையைக் கொடை பெற்ற வேந்தர் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வருகிறான். வேறு எவர் போனாலும் அந்த ஐந்தும் பின்னால் வாரா, நான் போனால்தான் வரும் என்று சொல்லி, யாம் இசைவு தருமுன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாயிலில் நிற்கிறான். அவன் செய்ததை யாம் மன்னிக்கவில்லை. எனினும் அவன் தலையைத் தாங்கள் எடுக்காமல் விட்டால் எம் நெஞ்சு தங்களை வாழ்த்தும்.

நாய்களையும் கொல்லாதிருக்க வேண்டுகிறோம். தம்மை இப்படி உண்டாக்குமாறு அவை கேட்கவில்லை. காட்டில் விட்டால் ஓநாய்கள் துரத்தும். ஊரில் விட்டால் இப்படி. முகட்டில் பாழடைந்த சிறுகோட்டை ஒன்று உள்ளது, மதில் உயரமானது. அங்கே உணவிட்டு, ஈற்றில்லாமல், ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்வோம். இனிக் கல்முகையில் எவரும் நாய்ப்பெட்டையைக் காட்டோரத்தில் கட்டக் கூடாதென்றும், குரைக்கிற நாயைப் பழிப்பவர் எம் அவையில் இருக்கலாகாதென்றும் இன்று முரசறைவித்தோம்.

ஆற்றில் வெள்ளம். நடுத்துறையில் ஓடம் ஓடவில்லை என்று இப்போது ஆள் வந்து சொல்லுகிறான். எழினன் மேல்துறை சுற்றிப் போக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே யாம் வாயிலுக்கும் மாடத்துக்குமாக நடந்தபடி இருக்கிறோம், உட்கார முடியவில்லை. இதே ஓலையைப் படியெடுத்து, வேறொரு ஆளைக் காட்டுவழியிலும் அனுப்புகிறோம்.

முத்திரை பற்றி ஒரு சொல். கல்முகையின் இலச்சினை இட்ட ஓலையை வேந்தர் ஒருவரே அவை கூட்டி, விளக்கேற்றி உடைக்க வேண்டும் என்பது இரு நாட்டு முறைமை. விழா நாட்களில் அயல்நாட்டு ஓலையை உடைப்பதில்லை என்பது தங்கள் நாட்டு முறைமை. ஆக, எழினன் விழாவன்று வந்து சேர்ந்தால், இவ்வோலையை வாயிலில் பட்டுத்துணி விரித்து மரியாதையோடு வைத்துவிடுவார்கள். உள்ளே உமி பரப்புவார்கள். ஆகையால் இவ்வோலைக்கு முத்திரை இல்லை. அரக்கு இல்லை, கட்டிய நூலும் இல்லை. எம் குலத்தில் இப்படி ஓர் ஓலை போனதில்லை என்று ஓலைநாயகத்தார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஓலை எம்முடையதே என்பதற்குச் சான்றாக எம் கணையாழியைக் கழற்றி எழினன் விரலில் மாட்டியிருக்கிறோம். காட்டுவழியே செல்பவன் கையில் எம் முன்கை வளை இருக்கிறது.

இதனால் இவ்வோலையைக் காணும் யாவருக்கும் கல்முகை அரசியின் ஆணை. ஓடக்காரர், சுங்கக்காவலர், துறையில் துணி வெளுப்போர், கோட்டைவாயிலோர், யாராயினும் ஆகுக: எழுத்தறிந்தவர் இதை உரக்க வாசிக்க. அறியாதவர் அறிந்தவரிடம் கொண்டு ஓடுக. எழினன் வழியில் விழுந்தால் எவர் கையில் கிடைக்கிறதோ அவர் கொண்டு செல்க. எங்கள் மானம் சந்திதோறும் சிரிப்பாய்ச் சிரிக்கப்படட்டும், சிரித்தபடியே ஓடுக. பிறநாட்டு மக்களுக்கு ஆணையிட எமக்கு உரிமை இல்லை என்பதை அறிவோம். இட்டுவிட்டோம்.

இதைத் தெருவில் நின்று வாசிக்கும் குரல் அந்தப்புரத்துச் சுவரைத் தாண்டுமானால், அடுத்த சொல் அரசருக்கன்று.

கொற்றி, நான்தான். அவர் கைநீட்டிக் கேட்டாலும், அவை முழுதும் எழுந்து நின்றாலும், முறை கெட்டவள் என்று உன்னை வைதாலும், யார் என்ன சொன்னாலும், பிள்ளையைக் கீழே விடாதேடி.